நிறவட்டம் வரையும் முறை

ஓவியம் பயில்வார் முதற்கண் அறியவேண்டுவது நிறங்களின் உறவுமுறையாகும். ஒரு நிறத்துக்கு அண்டை எது, எதிர் எது என்பதை ஒரே பார்வையில் உணர்த்துவது நிறவட்டம். ஐசாக் நியூற்றன் 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், அரியத்தினூடாகப் பிரிந்த நிறங்களை வட்டமாக அமைத்துக் காட்டினார். அத்தகைய வட்டத்தை இன்று கணனியிலும் வரையலாம். விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் இதற்குச் சாலும். இஃது உருவங்களைக் கோடுகளின் கணக்காகச் சேமித்தலின், படத்தை எத்துணை பெருப்பிப்பினும் விளிம்பு சிதையாது.

வரையும் முறை

1. வட்டக் கருவியைத் தெரிந்து ஒரு வட்டம் வரைக. மேற்பட்டையில் இரு ஆரைகளுக்கும் 60 மில்லிமீற்றர் என இடுக.

2. தொடக்கக் கோணம் 0, முடிவுக் கோணம் 30 எனக் குறித்துத் துண்டு வடிவத்தைத் தெரிக. வட்டம் ஓர் ஆரைச்சிறையாக மாறும்.

3. நிரப்பு நிறத்தை எச்.எஸ்.எல். முறையில் அமைக்க. சாயல் 0, நிரம்பல் 100, ஒளிர்வு 50 எனின் தூய சிவப்புத் தோன்றும். விளிம்புக் கோட்டை நீக்குக.

4. கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துக. துண்டின் மேலேயே அதன் படியொன்று உண்டாகும். அதன் கோணங்களை 30, 60 எனவும் சாயலை 30 எனவும் மாற்றுக. இவ்வாறே 330 வரை செல்லப் பன்னிரு துண்டுகளும் நிறைவுறும். தொடக்கக் கோணமும் சாயல் எண்ணும் எங்கும் ஒன்றாயிருத்தலை நோக்குக. 60 இல் மஞ்சளும், 120 இல் பச்சையும், 240 இல் நீலமும் அமையும்.

ஓர் ஐயம்

சித்திர வகுப்பிற் சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை எனக் கற்றோம். இவ்வட்டத்திலோ சிவப்புக்கு எதிரே 180 இல் நிற்பது நீலப்பச்சை. எது சரி? இரண்டும் தத்தம் இடத்திற் சரியே. கணனித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறமாக்குகின்றது. ஒளி கூடக்கூட வெண்மை பிறக்கும். தீட்டும் வர்ணமோ ஒளியை உறிஞ்சுவது. வர்ணம் கூடக்கூட இருள் மிகும். ஓவியர் மரபு சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றை மூலமாகக் கொண்டது. ஆதலின் திரைக்கு இவ்வட்டத்தையும், தூரிகைக்கு ஓவியர் வட்டத்தையும் கொள்க.

இன்னுமொன்று. பன்னிரு துண்டுகளுக்கும் ஒளிர்வு 50 என்றே இட்டோம். எனினும் மஞ்சள் பளிச்சிட, நீலம் இருண்டு தோன்றும். காட்சியைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றின் இவ்வேறுபாடு தெளிவாகும். எண் ஒப்பினும் கண் ஒப்பாது. வெண்டாளில் மஞ்சள் எழுத்து வாசிக்கப்படாமைக்குக் காரணமும் இதுவே.

மாணவர் நலம்

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதார் உலகில் உளர். அவருள் ஆண்களே மிகுதி. விஞ்ஞானி ஜோன் டால்ற்றன் தமது கண்ணிலிருந்த இக்குறையை 1794 இல் அறிஞரவையில் எடுத்துரைத்தார். நம் வகுப்பிலும் அத்தகைய மாணவன் ஒருவன் இருத்தல் கூடும். தேசப்படத்தில் ஒரு பகுதியைச் சிவப்பாலும் மற்றதைப் பச்சையாலும் மட்டும் குறித்தால், அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அவன் விடை தவறுதல் கவனக்குறைவன்று. அதற்காக அவனைக் கடிந்துகொள்ளுதல் அறமுமன்று. ஆதலின் விளக்கப்படம் வரைவோர் நிறத்தோடு கோட்டின் வகை, எழுத்து, எண் ஆகியவற்றாலும் வேறுபாடு காட்டுவாராக. நிறங்களின் உறவை அறிந்ததன் பயன், காண்பார் அனைவர்க்கும் விளங்க வரைதலேயாம்.