மரத்திடம் யோசனை கேட்கப் போகிறீர்களா?

நான் விருப்ப ஓய்வு வாங்கியது ஒரு மரத்திடம் கேட்டுத்தான். என் மைத்துனர் இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஜோசியர் பேச்சைக் கேட்டு மனையை விற்றவர் அவர். எனக்குச் சொன்னது எங்கள் சென்னைத் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம். அது சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முறை எளிது. சாயங்காலம் போங்கள், செல்போன் வேண்டாம், கேள்வி ஒன்றே ஒன்று. பதில் காதில் விழாது, மரம் செய்வதில் இருக்கும். பணி ஓய்வு வரை இழுத்துப் பிடிப்பதா என்று கேட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே அது இலைகளை மடக்க ஆரம்பித்தது. இலைக்காம்பின் அடிப்புடைப்பில் நீரழுத்தம் மாறுவதால் மடங்குகிறது என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததால் பதில் பொய்யாகிவிடுமா? மறுவாரமே கடிதம் கொடுத்தேன்.

இது பைத்தியக்காரத்தனம் என்பவர்களை ஆழ்வார்திருநகரிக்கு அனுப்புங்கள். புளிய மரமும் இரவில் இலை மூடும் இனம்தான். அங்கே நம்மாழ்வார் பதினாறு வருடம் பேசாமல் இருந்த புளிக்கு மட்டும் உறங்காப்புளி என்று பெயர். மதுரகவியாழ்வாரும் அதனடியில் வந்து அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

எந்த மரம் என்பதும் முக்கியம். அரச மரத்தடியில் முடிவு கேட்காதீர்கள். நீண்டு மெலிந்த காம்பு, லேசான காற்றுக்கே இலை ஆடும், நம் மனமும் கூடவே ஆடும். பிள்ளைகள் வெளிநாடு போய்க் குடும்பம் சிதறுகிறதே என்ற கவலை இருந்தால் அடையாறு ஆலமரத்தைப் பாருங்கள். 1989 புயலில் நடுமரம் சாய்ந்தும் விழுதுகள் கூரையைத் தாங்குகின்றன.

இனி, எல்லாவற்றையும் கெடுத்த காரியம். எங்கள் தெருவில் மரத்தடியை அடிமரம் ஒட்டச் சிமென்ட் போட்டு மூடினார்கள். "வாசல் சுத்தமா இருக்கணும் சார்." மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று டெல்லிக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டிருந்தது. அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து வீடு வீடாகக் காட்டினேன். "மரம் உங்களைத் தூது அனுப்பிச்சுதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆமாம், அனுப்பியதுதான்! கிளை நுனிகள் காய்ந்துகொண்டே வந்ததை நான் ஒருவன்தான் அண்ணாந்து பார்த்தேன். வேருக்கு மூச்சு வேண்டும், உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன என்று எத்தனை முறை சொல்வது?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரம் சாய்ந்தபோது சிமென்ட் பலகையும் சேர்ந்து பெயர்ந்தது. அடியில் வேர் கறுத்து அழுகியிருந்தது. "மரம் வீக்கா இருந்திருக்கு" என்றார் அதே எதிர்வீட்டுக்காரர். அதற்கு முன் எத்தனையோ புயல்களைத் தாங்கிய மரம் அது. அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை.

உங்கள் தெரு மரத்தடியிலும் சிமென்ட் இருக்கும். கேள்வியோடு போகும் முன் அதை உடையுங்கள். டிரில் மெஷின் வேண்டாம், வேர் அறுந்துவிடும். உளியும் சுத்தியலும் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்தவன்.