மீட்கப்பட்ட பிள்ளையைப் படமெடுக்கும் முன்

அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம். பின்னால் கையில் கோலோடு ஒரு சிறுமி. திருபுவனையிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் போகும்போது கேமரா வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவார். 2020 அக்டோபரில் வில்லியனூர் வட்டாரத்து வாத்துப் பண்ணையிலிருந்து இருளர் பழங்குடிச் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். அதன் பிறகே அந்தக் காட்சிக்குள் கொத்தடிமைத்தனமும் பாலியல் வன்கொடுமையும் ஒளிந்திருந்தது ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பண்ணை இருந்த கிராமத்தின் பெயரை நான் எழுதவில்லை. சின்ன ஊரில் பெயரைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும். ஆள் கடத்தலை ஒழிக்கப் படமெடுக்க நினைப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

1. முதலில் போன், பிறகு கேமரா. பிள்ளைகள் அடைபட்டிருக்கும் இடம் என்று சந்தேகம் வந்தால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். முதலாளி பார்த்துவிட்டால் இரவோடு இரவாக அவர்களை இடம் மாற்றிவிடலாம். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.

2. சாட்சிப் படம் வேறு, வெளியிடும் படம் வேறு. மீட்புக் குழுவோடு செல்ல நேர்ந்தால் படுக்கும் இடம், பூட்டு, முன்பணக் கணக்கு நோட்டு ஆகியவற்றை எடுங்கள். அந்தக் கோப்புகளைத் திருத்தாமல் அதிகாரிகளிடம் கொடுங்கள். அவை வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

3. தெரிந்தவர்களோடு போங்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகளை இருளர் மக்கள் நம்புகிறார்கள். முதல் சில நாட்கள் கேமரா இல்லாமல் போய்ப் பேசுங்கள்.

4. அனுமதியைச் சரியாகக் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சில நேரம் பிள்ளையை அனுப்பி முன்பணம் வாங்கியவர்களே அவர்கள்தான். 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, இப்படி மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பெரியவர்களிடம் படம் எங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். பிறகு வேண்டாம் என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. கடனைப் படமெடுங்கள். செங்கல் சூளையில் மண் காய்ந்த விரல்கள், பச்சைக்கல் வரிசை, அச்சு, ஒரே அறையில் ஒரு குடும்பத்தின் பாத்திரங்கள். அழும் முகம் பரிதாபத்தைத்தான் தரும். முன்பணம் ஒரு குடும்பத்தை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை இந்தப் பொருட்கள் காட்டிவிடும்.

6. அடையாளங்களை அழியுங்கள். பள்ளிச் சீருடை, பச்சை குத்திய கை, வண்டி எண், பின்னால் தெரியும் கோயில் கோபுரம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நிழலுருவத்தைக்கூடத் தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். முகத்தை லேசாக மங்கலாக்கினால் போதாது, முழுதாக மறையுங்கள். கோப்பில் பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்குங்கள்.

7. மீட்புக்குப் பிறகும் போங்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. மறுவாழ்வுத் திட்டத்தில் ஆளுக்குத் தக்கபடி 1, 2, 3 லட்சம் ரூபாய் உதவி உண்டு. அதற்கு விடுதலைச் சான்று முக்கியம். சான்று வந்ததா, பணம் வந்ததா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று ஓராண்டு கழித்துப் பாருங்கள். வெளியுலகம் பார்க்க வேண்டிய படங்கள் அங்கேதான் கிடைக்கும்.

8. கேமராவை மீட்கப்பட்டவர்களிடம் கொடுங்கள். மதுரைப் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். நம் ஊரிலும் அதைச் செய்யலாம்.

ஒரு படத்தை வெளியிடும் முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து ஆண்டு கழித்து, கல்யாண வயதில் படத்தில் இருக்கும் பெண் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? பதில் சொல்லத் தயக்கம் வந்தால், அந்தப் படத்தை வெளியிடாதீர்கள்.