அலகு கோணிய கோழி

சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களில் மேயும் கோழிக்கு அலகுதான் இடுக்கி. அது மூன்றாம் வகை நெம்புகோல்: மூட்டு ஒரு முனையில், தசையின் விசை நடுவில், தானியம் மறுமுனையில். நுனிகள் பொருந்தினால்தான் தானியம் பிடிபடும்.

சில குஞ்சுகளுக்கு மேலலகும் கீழலகும் கத்தரிபோல் குறுக்கிடும். உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நுனி விலகும்படி வைத்து ஓர் அரிசியை எடுத்துப் பாருங்கள், நழுவிவிடும். அக்குஞ்சும் தீனியின் நடுவிலேயே பட்டினி கிடக்கும்.

எனவே ஆழமான கிண்ணத்தில் தீவனத்தை நீரில் பிசைந்து வையுங்கள்; அலகை அமிழ்த்தி அள்ளிக்கொள்ளும். மற்றக் கோழிகள் விரட்டாதபடி தனியே வைத்து, வாரந்தோறும் எடை பாருங்கள். குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அலகின் மேலுறை நம் நகம்போல் கெரட்டினால் ஆனது, தேயாவிடில் நீளும். நுனியை அரத்தால் மெல்ல உரசலாம். உள்ளே இரத்தக் குழாய்கள் இருப்பதால் வெட்டலாகாது.

இக்குறை மரபுவழியும் வரக்கூடும். ஆகவே அக்கோழியின் முட்டைகளை அடை வைக்க வேண்டாம்.