செஞ்சி: பத்து மாத ராஜாவும் பல நூற்றாண்டுக் கோட்டையும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து செஞ்சிக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளில் பலர் ‘தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை’ என்ற நம்பிக்கையோடு பஸ் ஏறுகிறார்கள். திரும்பி வரும்போதும் அது அப்படியேதான் இருக்கிறது. தேசிங்கு என்கிற தேஜ் சிங் ஆண்டது 1714-இல் சுமார் பத்தே மாதம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்து மதில் எழுப்ப அந்த அவகாசம் எந்த ராஜாவுக்கும் போதாது. கோனார்கள் தொடங்கியதாக மரபு சொல்லும் கோட்டையை விஜயநகர நாயக்கர்கள் பெரும் நகரமாக்கினார்கள். பிறகு பிஜப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று அது கைமாறிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், தேசிங்கின் கதைதான் அவர்களை மலையேற வைக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். வம்சப் பட்டியலை ஒப்பிக்கச் சொன்னால் கொட்டாவிதான் வரும். இடிபாடுகளிடம் கேள்வி கேட்கச் சொன்னால் வராது. கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரத்தில் மேல்தளங்களுக்குத் தண்ணீர் எப்படிப் போயிற்று? சுடுமண் குழாய் வழியாக. நெற்களஞ்சியத்தின் சுவர் ஏன் அவ்வளவு தடிமன்? முற்றுகை வருடக்கணக்கில் நீளும். முகலாயர் 1690-இல் வளைத்த கோட்டை 1698-இல்தான் விழுந்தது. வேங்கடரமணர் கோயில் தூண்கள் சில எங்கே போயின? புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. தேசிங்கின் கதையையும் விட்டுவிட வேண்டியதில்லை: அவரைப் போரில் வென்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் மசூதி கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கதை அங்கே தனக்குரிய வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

செஞ்சியில் இன்னொரு சிக்கலும் வரப்போகிறது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். பெருமையான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையை மட்டும் படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை, அடுத்த வருடம் ‘சிவாஜி கட்டிய கோட்டை’ என்று எழுதும். சிவாஜி அதைப் பிடித்தது 1677-இல். மராத்தியர் கையில் அது இருந்தது 21 வருடம்.