குடல் புற்றுநோய்: வம்சத்தை விசாரியுங்கள்!

அப்பாவுக்குக் குடல் புற்றுநோயா? ‘சிவகாசி பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவராச்சே, அதான்!’ என்று முடித்துவிடாதீர்கள். எந்த வயசில் வந்தது? அத்தை, சித்தப்பாவுக்குக் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் இருந்ததா?

ஐம்பது வயசுக்குள் வந்திருந்தால், ‘லிஞ்ச் சிண்ட்ரோம்’ என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். செல் பெருகும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்த வேண்டிய ஜீன் பழுதாகியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே, ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவிகித வாய்ப்பு.

பயப்படாதீங்க! பழுதான ஜீன் வந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வம்ச விவரத்தைச் சொல்லுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஜீன் பரிசோதனை உண்டு. கோளாறு உறுதியானால், 25 வயசிலிருந்தே ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலனாஸ்கோபி தேவைப்படும். சின்னக் கட்டியாக இருக்கும்போதே எடுத்துவிடலாமே!