பால் கிளேயின் வீட்டு இசையும் வகுப்பறைக் கோடும்

அருவ ஓவியம் ஒன்றைக் காட்டியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “இது என்ன சார்?” என்பதுதான். அப்போதெல்லாம் நான் பால் கிளேயின் ஓவியங்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் “என்ன இருக்கிறது?” என்பதை விட்டுவிட்டு, “எப்படி நகர்கிறது?” என்று கேட்கலாம். அவர் வளர்ந்த வீடு அப்படி.

கிளே 1879இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஹான்ஸ், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இசை கற்பித்தவர். நம்மைப் போன்றவர்களை உருவாக்கிய ஆசிரியர் என்று சொல்லலாம். தாய் இடா பாடகி. மகன் பதினோரு வயதிலேயே பெர்ன் இசைக்குழுவோடு வயலின் வாசித்தான். வண்ணச் சாக்கட்டிகளைக் கையில் கொடுத்தவர் பாட்டி. இசைக்கலைஞனாவான் என்று பெற்றோர் நினைத்திருக்க, 1898இல் ஓவியம் படிக்க மியூனிக் சென்றார். வயலினை மட்டும் விடவில்லை. மனைவி லில்லி பியானோ கற்பித்துச் சம்பாதித்தார். கிளே சமையலறையையும் மகன் ஃபெலிக்ஸையும் கவனித்துக்கொண்டே வரைந்தார். மகனுக்காகத் துணித்துண்டிலும் எலும்பிலும்கூடக் கைப்பாவைகள் செய்தார்.

1921இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். அங்கே பாக் என்ற இசைமேதையின் இசைத்துண்டு ஒன்றின் சிறு பகுதியை வகுப்பில் கோடுகளாக வரைந்து காட்டினார். சுரம் ஏறினால் கோடும் ஏறும். ஒலி அழுத்தமானால் கோடு தடிக்கும். நகரும் புள்ளியின் தடமே அவருக்குக் கோடு. 1932இல் வரைந்த ‘அட் பர்னாசம்’ ஓவியத்தைப் பாருங்கள். அகன்ற நிறப்பரப்புகளின் மேல் நூற்றுக்கணக்கான நிறத்துணுக்குகள். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பாடுவதுபோல் இருக்கும்.

“பியானோ உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சரி, நம் பிள்ளைகளுக்கு?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஓசை இல்லாத வீடு ஏது? ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தாளம் தட்ட, மற்றவர்கள் பார்க்காமல் கேட்டு வரைய வேண்டும் என்றேன். தவில் வாசிப்பவரின் மகன் ஒருவன், அதுவரை ஓவிய வகுப்பில் வாயே திறக்காதவன், தொப்பி அடிக்குத் தடித்த புள்ளியும் வலந்தலை அடிக்கு மெல்லிய கீற்றுமாகத் தாளை நிரப்பினான். பிறகு அதைத் திரும்ப வாசித்தும் காட்டினான்! படத்தைப் பார்த்து யாரும் “இது என்ன?” என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1911இல் கிளே தம் படைப்புகளுக்குப் பட்டியல் தயாரித்தபோது, சிறுவயதில் வரைந்த 18 படங்களையும் அதில் சேர்த்தார். கலைக்கழகத்தில் பயிற்சிக்காக வரைந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சேர்க்கவில்லை. நாமோ ஆண்டு இறுதியில் பழைய தாள் கடைக்குப் போடும் கட்டில் முதலில் வைப்பது பிள்ளைகளின் கிறுக்கல்களைத்தான். இப்போது என் அலமாரியில் அதற்கென ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தேதியும் எண்ணும் உண்டு. மதிப்பெண் போடுவதில்லை.