மண்வெட்டி கையில் இருந்தால் போதுமா?



"இவனையெல்லாம் ஒரு பண்ணையில கொண்டுபோய் விடணும். வெயில்ல நாலு மாசம் மண்வெட்டி புடிச்சா தானா புத்தி வந்துடும்." போதைக்கு அடிமையான ஒரு தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை. உலகின் பல நாடுகளில் பண்ணைகளே மறுவாழ்வு இல்லங்களாக இயங்குகின்றன. அங்கிருந்து தலைநிமிர்ந்து வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் போனால், மறுவாழ்வு வெறும் தண்டனையாக முடிந்துவிடும். இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வியர்வை குணப்படுத்துமா?

நம் கதையிலிருந்தே தொடங்குவோம். நம் தாத்தா பாட்டிமார் ரப்பர்த் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து, மரம் சீவி, பால் சுமந்தார்கள். அவர்கள் சிந்தாத வியர்வையா? ஆனால் பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. காலையில் வாங்கிய கூலி மாலையில் அங்கேயே போனது. போர் முடிந்த பிறகு, 1940களின் பிற்பகுதியில், கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். வியர்வையே போதையை விரட்டிவிடும் என்றால் அந்த மறியலுக்கு என்ன தேவை?

தோட்டத்தில் உழைப்பு இருந்தது. ஆனால் சீவிய மரம் அவர்களுடையது இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்று அவர்களைக் கேட்பாரும் இல்லை. ஆக, உழைப்பு மருந்தாவதும் சுமையாவதும் வேறு எதையோ பொறுத்திருக்கிறது. அது என்ன?

மூளைக்குள் நடப்பது

நாம் பசித்துச் சாப்பிடும்போதும், ஒரு வேலையை முடிக்கும்போதும், நண்பனைப் பார்க்கும்போதும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. "இது நல்லது, மறுபடியும் செய்" என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது அதுதான். சியாபு போன்ற பொருள்கள் இந்த டோபமினை இயல்பைவிடப் பல மடங்கு, அதுவும் புகைத்த சில நொடிகளிலேயே, வெள்ளமாக விடுகின்றன. தொடர்ந்து பயன்படுத்தினால் மூளை தன்னைக் காத்துக்கொள்ள அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அம்மா சமைத்த சாப்பாடும் சப்பென்று ஆகிவிடும், பந்து விளையாட்டும் சப்பென்று ஆகிவிடும். விட்ட பிறகும் இந்த நிலை பல மாதங்கள் நீடிக்கும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சியாபு வகைப் பொருளை விட்டவர்களின் மூளையில் டோபமின் சார்ந்த சில பகுதிகள் மீள்வதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது தெரியவந்தது.

பொறியியல் படிப்பவன் என்பதால் இதை நான் வேறொரு உதாரணத்தோடு புரிந்துகொண்டேன். குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திருப்புகிறோம். உடனே சூடு வரவில்லை. பொறுமை இல்லாமல் இன்னும் திருப்புகிறோம். திடீரென்று கொதிநீர் கொட்டுகிறது. செயலுக்கும் அதன் பலனுக்கும் நடுவே தாமதம் இருந்தால் எந்த அமைப்பையும் கட்டுப்படுத்துவது கஷ்டம். போதைப்பொருளில் தாமதமே கிடையாது. ஆனால் விட்டுவிட்டு வந்தவனிடம் நாம் எதைக் கேட்கிறோம்? "வேலை தேடு, சான்றிதழ் எடு, அப்பாவோட நம்பிக்கையைத் திரும்ப வாங்கு." எல்லாமே ஆண்டுக்கணக்கில் தாமதமாகும் பலன்கள். நொடிக்குப் பழகிய மூளையை ஒரேயடியாக ஆண்டுக்குத் தாவச் சொல்கிறோம். நடுவில் படிக்கட்டே இல்லை.

சூழலின் பலத்தையும் மறக்கக்கூடாது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நாடு திரும்பிய பின் முதல் ஆண்டில், அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரே மறுபடி அடிமையானார்கள். அந்த இடமும் அந்தக் கூட்டமும் அந்தப் பயமும் மாறியதும் பலருடைய பழக்கமும் மாறிவிட்டது. பண்ணை என்பதும் ஓர் இடமாற்றம்தான். ஆனால் அது அதற்கும் மேலே ஒன்றைச் செய்கிறது.

இத்தாலியில் ஒரு பண்ணை

1978இல் இத்தாலியின் ரிமினி நகருக்கு அருகே, கொரியானோ மலைச்சரிவில் இருந்த தன் குடும்பப் பண்ணையில், வின்சென்ஸோ முச்சோலி என்பவர் ஹெராயினுக்கு அடிமையான சில இளைஞர்களைத் தங்க வைத்தார். அதுதான் சான் பட்ரிஞானோ. பிற்காலத்தில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு சிறு ஊராகவே வளர்ந்தது. தங்குபவர்களிடமும் குடும்பத்தினரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் தங்குகிறார்கள். திராட்சை வளர்க்கிறார்கள், மாடு கறக்கிறார்கள், பாலாடைக்கட்டி செய்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், நாய்களையும் குதிரைகளையும் பராமரிக்கிறார்கள். புதிதாக வருபவரோடு, முன்பே வந்து தேறிய ஒருவர் நாள் முழுக்கக் கூடவே இருப்பார். சாப்பாடு ஒரே பெரிய கூடத்தில், எல்லோரும் ஒன்றாக.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, படிக்கட்டு. கோழி முட்டை மறுநாளே கிடைக்கும். நம் ஊர் கங்கோங் கீரை ஒரு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். புதிதாக நட்ட திராட்சைக் கொடி முறையாகக் காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு நாள், ஒரு மாதம், மூன்று மாதம், மூன்று ஆண்டு என்று காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் பண்ணை. யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. செடியே செய்துவிடும்.

இரண்டாவது, நம்பி இருக்கும் உயிர். கறவை மாட்டைத் தினமும் இரண்டு வேளை கறக்க வேண்டும். "இன்னிக்கு மனசு சரியில்ல" என்று படுத்துவிட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும், வலிக்கும். பல வருஷமாக "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று கேட்டுக்கேட்டுப் பழகியவனை, இப்போது ஓர் உயிர் எதிர்பார்த்து நிற்கிறது. மாட்டுக்கு அவனுடைய பழைய கதை தெரியாது. வேளைக்கு வருகிறானா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

மூன்றாவது, முன்னால் நடந்தவன். கூடவே இருக்கும் அந்த அண்ணனும் அதே குழியில் விழுந்து எழுந்தவர். அவரிடம் பொய் சொல்ல முடியாது. அதேசமயம் அவரே கண்முன் நிற்கும் சாட்சி: எழ முடியும்.

ஆக, குணப்படுத்துவது வியர்வை இல்லை. "இதை உன்கிட்ட ஒப்படைக்கிறோம்" என்ற நம்பிக்கைதான் குணப்படுத்துகிறது. மண்வெட்டி அந்த நம்பிக்கையைக் கையில் கொடுக்கும் ஒரு வழி.

இன்னொரு பக்கம்

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் அது பாடமாகாது. சான் பட்ரிஞானோவின் ஆரம்ப ஆண்டுகளில், ஓடிப்போகாமல் இருக்கச் சிலரைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். அந்த வழக்கில் முச்சோலிக்கு 1985இல் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. 1989இல் அங்கே தங்கியிருந்த ஒருவர் உள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். அன்பின் பெயரால் கை ஓங்கினாலும் அது கை ஓங்கியதுதான்.

நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற உத்தரவோடு இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைத்து, பிறகு இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கும் முறை இருந்தது. 2010 முதல் தானாக முன்வருபவர்களுக்கான சிகிச்சை மையங்கள் திறக்கப்பட்டன. 2012இல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து, கட்டாயத் தடுப்பு மையங்களை மூடிவிட்டுத் தன்னார்வச் சிகிச்சைக்கு மாறும்படி உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டன. பூட்டிய கதவுக்குள் பண்ணை வேலை கொடுத்தால் அது பழைய தோட்டம்தான், மறுவாழ்வு ஆகாது.

இன்னும் இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். ஒன்று, பண்ணை மருத்துவருக்கு மாற்று இல்லை. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை, பிறகுதான் மண்வெட்டி. ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மருந்து 2005 முதல் மலேசியாவில் கொடுக்கப்படுகிறது. அதைக் குடிப்பவரை "இன்னும் போதையிலதான் இருக்கான்" என்று பேசுவது அறியாமை. இரண்டு, எண்களைப் பார்த்து ஏமாறக்கூடாது. "எங்கள் பண்ணையில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி" என்று யாராவது சொன்னால், "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். கடைசிவரை இருந்து முடித்தவர்களை மட்டும் எண்ணி, நடுவில் போனவர்களை விட்டுவிட்டால் எந்த எண்ணும் அழகாகத்தான் இருக்கும்.

திலகவதியார் காட்டிய வழி

நம் சமயத்தில் இதற்குப் பாடம் உண்டா? உண்டு என்று நான் நினைக்கிறேன். பெரிய புராணத்தில் அப்பர் சுவாமிகள் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். சூலை நோயால் துடித்தபோது அவர் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்கா அவர் இருந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று கணக்குக் கேட்கவும் இல்லை. திருநீறு கொடுத்தார். விடியற்காலையில், தான் தினமும் அலகிட்டு மெழுகும் கோயிலுக்கே கூட அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அந்தத் தம்பியின் கையில் நாம் காண்பது உழவாரப்படை.

அப்பருடைய வாழ்க்கையைப் போதைப் பழக்கத்தோடு நான் ஒப்பிடவில்லை. அந்த அக்காவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உறுதியும் இருந்தது, கதவும் திறந்திருந்தது. வந்தவனுக்கு உபதேசத்தைவிட முதலில் ஓர் இடமும், தான் செய்யும் தொண்டும் கிடைத்தன. காசு கேட்டால் கொடுக்காதே. திரும்பி வந்தால் தள்ளாதே. ஒரு குடும்பத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டுமா?

நம் கையில் இருப்பது

பண்ணை வாழ்க்கை ஒருநாள் முடியும். அந்தத் தம்பி மறுபடி அதே அடுக்குமாடிக்கு, அதே மாடிப்படிக்கு வருவான். பழைய கூட்டாளிகள் அங்கே காத்திருப்பார்கள். உண்மையான சோதனை அன்றைக்குத்தான். அன்று அவனை எதிர்பார்த்து நிற்க இங்கே என்ன இருக்கிறது?

எங்கள் தாமானில் மறுவாழ்வு முடித்து வந்த ஓர் அண்ணன் கோயிலுக்கு வர ஆரம்பித்தார். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் பொருள் அறைச் சாவியை மட்டும் அவர் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். சில வாரம் கழித்து அன்னதானப் பொறுப்பில் இருந்த ஓர் அக்கா, கோயிலுக்குப் பின்னால் இருந்த வாழையையும் துளசியையும் அவரிடம் ஒப்படைத்தார். "வெள்ளிக்கிழமை பூஜைக்குத் துளசி நீங்கதான் கொண்டு வரணும்" என்றார். அவ்வளவுதான். அந்த அண்ணன் அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. அடுத்த ஆண்டு சாவியும் அவரிடம் வந்தது.

நம் இயக்கக் கிளைகளுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. உழவாரப்பணிக் குழுவில் ஓர் இடம், கோயில் நந்தவனத்தில் ஒரு பாத்தி, கூடவே நிற்க ஒருவர் இருந்தால் போதும். அவன் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் பாழ் என்று முடிவு கட்ட வேண்டாம். மறுபடி சறுக்குவது இந்த நோயில் நடக்கக்கூடியதுதான். மருத்துவரிடம் மறுபடி அழைத்துப் போங்கள், பாத்தியை அவனுக்காக வைத்திருங்கள். இன்னும் சிகிச்சைக்கே போகாதவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், தானாக முன்வந்து உதவி கேட்கச் சட்டம் இடம் தருகிறது என்பதைச் சொல்லுங்கள். அரசு சுகாதார கிளினிக்கோ, தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அலுவலகமோ, தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள்.

கிளைக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் கோயிலில் அல்லது கிளையில், ஒருவர் வராவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகும் வேலைகள் எவை? அவற்றில் எதைத் திரும்பி வந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம்?

2. உறுதியாக இருப்பதற்கும் ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? திலகவதியார் வரலாற்றை வைத்துப் பேசுங்கள்.

3. மறுவாழ்வு முடித்தவரைப் பற்றி நாம் சாதாரணமாகப் பேசும் சொற்களில் எவற்றை இன்றே விட்டுவிடலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அதிலிருந்தே தொடங்குங்கள்.